நிற வைர மோதிரம்: இயற்கையா, ஆய்வகமா, நிறமேற்றியதா, பழைய கல்லா?

ஒரே அளவில், ஒரே மஞ்சளில் மூன்று வைரங்களை வெள்ளைத் தாளின் மேல் வைத்தால், எது எந்த வகை என்று வெறும் கண்ணால் யாராலும் சொல்ல முடியாது. ஒன்று பூமிக்கடியிலேயே நிறம் பெற்றது. இன்னொன்று மண்ணிலிருந்து மங்கலாக வந்து, கதிர்வீச்சும் சூடும் கொடுத்து மஞ்சளாக்கப்பட்டது. மூன்றாவது சில வாரங்களில் ஓர் இயந்திரத்துக்குள் வளர்ந்தது. மூன்றுமே வைரம்தான். விலையில் மட்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இருக்காது.

நிற வைர மோதிரம் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் நிறத்தில் தொடங்கி, கேரட்டுக்கு, அதாவது கல்லின் எடைக்குப் போய், கடைசியில் விலையில் வந்து மாட்டிக்கொள்கிறார்கள். இந்த வரிசையை மாற்றுங்கள் என்பேன். முதலில் கேட்க வேண்டியது, "இந்தக் கல்லுக்கு இந்த நிறம் எப்படி வந்தது?" என்பதுதான். அதற்குப் பதில் கிடைக்காதவரை கேரட்டைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

மஞ்சளுக்குக் காரணம் நைட்ரஜன். கார்பன் அணுக்கள் நெருக்கியடித்து நிற்கும் படிகத்தில் அங்கங்கே நைட்ரஜன் புகுந்துகொண்டால், அது நீல ஒளியை விழுங்கிவிடும். நம் கண்ணுக்கு மஞ்சள் மிஞ்சும். நீல வைரத்துக்குக் காரணம் பெரும்பாலும் போரான். அது வைரத்தில் கலப்பது மிக அரிது. போரான் கலந்த கல் மின்சாரத்தைக் கடத்தும் என்பது இன்னோர் ஆச்சரியம். பெரும்பாலான இளஞ்சிவப்பில் இப்படி வேறு தனிமம் எதுவும் காரணமில்லை. பூமிக்கடியில் ஏற்பட்ட அழுத்தத்தில் படிக அடுக்குகள் சற்றே வழுக்கித் திருகி, அந்தத் திருகலே நிறமாகிவிடுகிறது. பத்து மடங்கு லென்ஸில் ஓர் இளஞ்சிவப்புக் கல்லை மெல்லச் சாய்த்துப் பாருங்கள். பல கற்களில் நிறம் சீராகப் பரவியிருக்காது. மெல்லிய இணைகோடுகளாக ஓடும். கோடுகளுக்கு இடையே கல் ஏறக்குறைய நிறமில்லாமல் இருக்கும். பழுப்பு நிறத்துக்கும் பெரும்பாலும் இதே உருக்குலைவுதான் காரணம். பச்சை வேறு கதை. பக்கத்துப் பாறையிலிருந்த கதிரியக்கத் தனிமங்களின் கதிர்வீச்சு நெடுங்காலம் பட்டதால் வந்தது அது. பல கற்களில் மேல்தோலோடு நின்றுவிடும், பட்டை தீட்டினால் போய்விடும்.

இதில் எதை மனிதன் சுலபமாகச் செய்யக் கற்றுக்கொண்டானோ, அந்த நிறத்தில் ஆய்வகக் கல் மலிவாகிவிட்டது. எதைச் செய்தும் வேறுபாட்டை ஒளிக்க முடியவில்லையோ, அந்த நிறத்தில் இயற்கைக் கல் தன் மதிப்பைக் காத்துக்கொண்டிருக்கிறது.

"அரிது" என்பதன் வரலாறு

விற்பவர்கள் எல்லோரும் "அரிது" என்ற ஒரே சொல்லைத்தான் சொல்கிறார்கள். அது எவ்வளவு உண்மை என்பதற்கு வைர வணிகத்தின் வரலாற்றைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

18-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை உலகச் சந்தைக்கு வந்த வைரத்தில் ஏறக்குறைய முழுவதும் இந்தியாவிலிருந்து போனது. கிருஷ்ணா ஆற்றங்கரையில் கொல்லூர் சுரங்கம், விற்பனைக்குக் கோல்கொண்டா. தரம் பார்க்கும் கலையும் இங்கே பழையது. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை மதுரையின் இரத்தினக் கடைத்தெருவைச் சொல்லும்போது, காகபாதம் (காக்கைக் கால் போன்ற தடம்), களங்கம், விந்து (புள்ளி), ஏகை (கோடு) ஆகிய குற்றங்கள் நீங்கிய வைரங்களைத்தான் பேசுகிறது. இன்றைய சோதனைக்கூடம் லென்ஸில் தேடுவதும் ஏறக்குறைய இவற்றைத்தான்.

17-ஆம் நூற்றாண்டில் கொல்லூருக்குப் போன பிரெஞ்சு வணிகர் தவெர்னியே, அங்கே ஆண்களும் பெண்களும் குழந்தைகளுமாக 60,000 பேர் வரை வேலை செய்ததாக எழுதிவைத்தார். அவர் கொண்டுபோய்ப் பதினான்காம் லூயி மன்னருக்கு விற்ற நீலக் கல் 1673-இல் மறுபடி வெட்டப்பட்டது. 1792-இல் புரட்சிக் குழப்பத்தில் களவு போனது. பிறகு இன்னும் சிறிதாகி, 45.52 கேரட் ஹோப் வைரமாக வெளிப்பட்டது. 1958 முதல் வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்த நீலத்தின் அரிதை எந்த விளம்பர நிறுவனமும் உண்டாக்கவில்லை. அது பூமி கொடுத்த அரிது.

நிறமற்ற வைரத்தின் கதை அப்படியில்லை. 1720-களில் பிரேசிலில் வைரம் கிடைத்தது. அடிமைகளின் உழைப்பில் அது ஐரோப்பாவுக்குப் போனது. 1867-இல் தென்னாப்பிரிக்காவில் முதல் கல் அடையாளம் காணப்பட்டது. 1871-இல் கிம்பர்லியில் தோண்டத் தொடங்கியதும் வைரம் குவியலாக வரத் தொடங்கியது. வந்த கற்களில் பல லேசாக மஞ்சளடித்தவை. அதனால் சந்தையில் மங்கலான மஞ்சளுக்கே நன்னம்பிக்கை முனையை வைத்து "கேப்" என்று பெயர் வந்துவிட்டது. நீலச் சாயலடிக்கும் வெள்ளை வைரத்தை "ப்ளூ ஜாகர்" என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்த ஜாகரும் தென்னாப்பிரிக்காவின் யாகர்ஸ்ஃபான்டைன் சுரங்கம்தான். கல்லின் நிறத்தைச் சுரங்கத்தின் பெயரால் சொன்ன காலம் அது.

1888-இல் சுரங்க அதிபர் செசில் ரோட்ஸ், டி பீர்ஸ் நிறுவனத்தின்கீழ் அந்தச் சுரங்கங்களை ஒன்று சேர்த்தார். 1929-இல் எர்னஸ்ட் ஓப்பன்ஹைமர் தலைமைக்கு வந்தார். அதன்பின் பல பத்தாண்டுகள் உலக வைரத்தின் பெரும்பகுதி ஒரே கையின் வழியாகப் போனது. சந்தை மந்தமானால் கல்லைக் கிடங்கில் வைப்பார்கள், சூடுபிடித்தால் வெளியே விடுவார்கள். 1947-இல் "வைரம் என்றென்றைக்கும்" என்ற விளம்பர வரி வந்தது. 1950-களில் அமெரிக்க ரத்தினவியல் நிறுவனமான ஜி.ஐ.ஏ., டி முதல் இசட் வரையான நிற அளவுகோலைக் கொண்டுவந்தது. துளி நிறமும் இல்லாதது டி, மஞ்சளோ பழுப்போ ஏறஏறக் கீழே இசட். லேசான மஞ்சள் ஒரு குறை என்ற எண்ணம் இந்த அளவுகோலோடு கெட்டிப்பட்டது. ஆனால் மஞ்சள் இசட்டையும் தாண்டி அடர்ந்தால் கதை தலைகீழாகிறது: அப்போது அது "ஃபேன்சி" நிறம், விலை மறுபடி ஏறும்.

இயற்கை நிறம்: எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்

இயற்கை நிற வைரம் என்று பொதுவாகப் பேசுவதே தவறு. மஞ்சளும் பழுப்பும் ஒரு பக்கம். இளஞ்சிவப்பும் நீலமும் சிவப்பும் மறு பக்கம். நடுவே பெரிய இடைவெளி.

மஞ்சளை எடுத்துக்கொள்வோம். சான்றிதழில் ஃபேன்சி லைட், ஃபேன்சி, ஃபேன்சி இன்டென்ஸ், ஃபேன்சி விவிட் என்று நிறம் ஏறிக்கொண்டே போகும், விலையும் படிக்குப் படி தாவும். மோதிரத்துக்காக வாங்குகிறவருக்கு இந்தப் படிகளின் அடிவாரத்தில் நல்ல இடம் ஒன்று இருக்கிறது. இசட்டுக்குச் சற்று முன்னால் நின்றுவிட்ட கற்கள் அவை. சான்றிதழில் டபிள்யூ-எக்ஸ், ஒய்-இசட் என்று வரும். டி-இசட் அளவுகோலில் தரம் பார்ப்பவர் கல்லைக் கவிழ்த்து வைத்துப் பக்கவாட்டிலிருந்து பார்க்கிறார். ஃபேன்சி நிறத்தை நேராக, முகம் பார்த்து மதிப்பிடுகிறார்கள். நீங்கள் மோதிரத்தில் பார்க்கப்போவதும் முகத்தைத்தான். ரேடியன்ட், குஷன் போன்ற வெட்டுகள் ஒளியை உள்ளேயே பலமுறை திருப்பி நிறத்தைக் கூட்டிக் காட்டும். அப்படி வெட்டிய ஒய்-இசட் கல்லை மஞ்சள் தங்கத்தில் பதித்தால், ஃபேன்சி லைட் என்று எழுதிய கல்லுக்குப் பக்கத்தில் தயங்காமல் நிற்கும். சான்றிதழில் அந்த ஒரு சொல் இல்லை என்பதற்காகவே விலை குறைவு. எனக்கு இதில் பெரிய திருப்தி உண்டு. கண்ணுக்குத் தெரியாததற்குக் கொடுக்கும் பணம் மிச்சம்.

ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த வெட்டுகளில் சில கற்கள் நான்கு மூலையிலும் நல்ல மஞ்சளாக இருந்து, நடுவில் வெளிறிய ஜன்னல் போலத் திறந்திருக்கும். கடை விளக்கில் தெரியாது. கதவருகே பகல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, விரலில் வைத்து, கையை ஆட்டாமல் பாருங்கள்.

பழுப்புக்கு இன்னும் நியாயம் கிடைக்கவில்லை என்பது என் கருத்து. மேற்கு ஆஸ்திரேலியாவில் ஆர்கைல் சுரங்கம் 1983-இல் உற்பத்தியைத் தொடங்கியபோது, வந்த கற்களில் பெரும்பாலானவை சிறியவை, பழுப்பானவை. அதுவரை தொழிற்சாலைக்குப் போய்க்கொண்டிருந்த நிறம் அது. அதற்கு ஷாம்பெயின், கோனியாக் என்று பெயர் வைத்து நகையாக்கினார்கள். சூரத்தின் பட்டறைகள் அந்தச் சின்னக் கற்களுக்குப் பட்டை தீட்டி வளர்ந்தன. பெயர் விளம்பரம்தான், ஆனால் கல் நிஜம். சிவப்புத் தங்கத்தில் பதித்த ஆரஞ்சு கலந்த பழுப்பு வைரத்துக்கு ஒரு சூடு உண்டு. வெள்ளை வைரத்தில் அது வராது. இயற்கைக் கல்தான் வேண்டும், பட்ஜெட் சாதாரணம் என்றால், முதலில் இதைப் பாருங்கள்.

அதே ஆர்கைல்தான் உலகின் இளஞ்சிவப்பு வைரங்களில் 90 சதவீதத்துக்கும் மேல் கொடுத்தது. அங்கே தோண்டிய மொத்தக் கல்லில் அது துளியிலும் துளி. 2020 நவம்பரில் சுரங்கம் மூடப்பட்டது. அதற்கு ஈடான இடம் இன்னும் கிடைக்கவில்லை. ஆகவே இளஞ்சிவப்பு அரிது என்றால் நம்பலாம். ஆனால் அதை வைத்து "முதலீடு" என்று பேசத் தொடங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். 59.60 கேரட் பிங்க் ஸ்டார் 2017-இல் ஹாங்காங் ஏலத்தில் 71.2 மில்லியன் டாலருக்குப் போனது உண்மை. உங்கள் மோதிரத்தில் இருக்கப்போவது அரை கேரட்டுக்கும் குறைந்த ஒரு வெளிர் கல். அதைச் சில்லறை விலையில் வாங்கி, விற்கப் போகும்போது வியாபாரியின் விலைதான் கிடைக்கும். சான்றிதழில் இளஞ்சிவப்போடு பழுப்பு, ஊதா என்று துணை நிறங்களும் வரும். கடைசியாக எழுதியிருப்பதே பிரதான நிறம். பழுப்புச் சாயல் கொண்ட இளஞ்சிவப்பு விலையில் நன்றாக இறங்கும், விரலில் மோசமாக இருக்காது.

இயற்கை நீலம்? பெரும்பாலோர் அருங்காட்சியகத்தில்தான் பார்க்கப்போகிறோம். விட்டுவிடலாம்.

ஆய்வகத்தில் வளர்ந்த நிறம்

1954 டிசம்பரில் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் டிரேசி ஹால் வைரத்தை உண்டாக்கிக் காட்டினார். பூமியின் அழுத்தத்தையும் சூட்டையும் இயந்திரத்துக்குள் கொண்டுவரும் அந்த வழிக்கு இன்று ஹெச்.பி.ஹெச்.டி. என்று பெயர். மீத்தேன் வாயுவைப் பிளாஸ்மாவாக்கி, படலம் படலமாகக் கார்பனைப் படியவைப்பது சி.வி.டி. முதல் வழியில் ஆரம்பத்தில் மஞ்சளைத் தவிர்ப்பதுதான் சிரமமாக இருந்தது, ஏனென்றால் காற்றிலிருக்கும் நைட்ரஜன் தானாக உள்ளே போய்விடும். போரானைச் சேர்த்தால் நீலம். இளஞ்சிவப்புக்கு மட்டும் சுற்றுவழி: வளர்ந்த கல்லுக்குக் கதிர்வீச்சும் பிறகு சூடும் கொடுத்து நிறத்தை உண்டாக்குவார்கள். அதாவது ஆய்வக இளஞ்சிவப்பு பொதுவாக வளர்க்கப்பட்டதும்கூட, நிறமேற்றப்பட்டதும்கூட. அதன் நிறம் இயற்கைக் கல்லின் திருகலால் வந்ததில்லை. பார்வைக்கு அது சற்று வேறு இளஞ்சிவப்பு, இன்னும் பளிச்சென்று இருக்கும்.

ஆய்வகத்தில் நிறத்துக்கு அரிது என்ற மதிப்பே கிடையாது. இதற்கு நல்ல சாட்சி டி பீர்ஸே. 2018-இல் லைட்பாக்ஸ் என்ற பெயரில் ஆய்வக வைரம் விற்கத் தொடங்கியபோது வெள்ளை, இளஞ்சிவப்பு, நீலம் மூன்றுக்கும் கேரட்டுக்கு 800 டாலர் என்று ஒரே விலை வைத்தது. இயற்கையில் இந்த மூன்றின் விலையும் ஒன்றுக்கொன்று எட்டவே எட்டாது. 2025-இல் அந்த வியாபாரத்தை மூடப்போவதாக அறிவித்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் ஆய்வக வைரத்தின் விலை தொடர்ந்து சரிந்துகொண்டே போனது. எனவே இதை வாங்குகிறவர் திரும்ப விற்கும் கணக்கை முதல் நாளே கைவிட்டுவிட வேண்டும். அதைக் கைவிட்டுவிட்டால், நீலமோ அடர் இளஞ்சிவப்போ விரும்புகிறவருக்கு இதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை. கடினமும் ஒளியும் வைரத்துடையவை, தினமும் அணியலாம். விளிம்பில் லேசரால் எழுதிய எண்ணும் "ஆய்வகத்தில் வளர்ந்தது" என்ற குறிப்பும் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஆய்வகக் கல் என்றாலே சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று சொன்னால், எந்த மின்சாரத்தில் வளர்ந்தது என்று கேளுங்கள். அந்த இயந்திரங்கள் மின்சாரத்தைக் குடிப்பவை. நிலக்கரி மின்சாரத்தில் வளர்ந்ததற்கும் நீர்மின்சாரத்தில் வளர்ந்ததற்கும் நிறைய வித்தியாசம்.

நிறமேற்றிய இயற்கைக் கல்

நான்கில் என் மனம் ஒப்பாதது இதுதான். கல் மண்ணிலிருந்து வந்தது, நிறம் இயந்திரத்திலிருந்து வந்தது. அதில் தவறில்லை, வெளிப்படையாகச் சொன்னால். ஆனால் "இயற்கை வைரம்" என்று மட்டும் சொல்லி நிறத்தைப் பற்றி வாய் திறக்காமல் விற்க இது இடம் கொடுக்கிறது. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் கறுப்பு வைரங்களில் பெரும்பாலானவை, தோஷம் மிகுந்த கற்களைச் சூடேற்றிக் கறுப்பாக்கியவை. ஆழ்ந்த நீலப்பச்சை, கண்ணைப் பறிக்கும் எலுமிச்சை மஞ்சள் ஆகியவையும் சந்தேகப்பட வேண்டியவை.

பழைய முறையில் கதிர்வீச்சு கொடுத்த சில கற்களை லென்ஸ் காட்டிக்கொடுத்துவிடும்: மேலிருந்து பார்த்தால் அடிமுனையைச் சுற்றி விரித்த குடை போல நிறம் தெரியும். இன்றைய முறைகளில் அந்த அடையாளம் இல்லை. சோதனைக்கூடத்தின் கருவிதான் சொல்ல வேண்டும். அடிப்பக்கத்தில் மெல்லிய நிறப்பூச்சு பூசி விற்பதும் உண்டு. தேய்த்துச் சுத்தம் செய்யும்போது அது கீறிவிடும்.

மோதிரம் என்பதால் இன்னொரு சிக்கல். விரலுக்கு அளவு மாற்றவோ கொக்கி சரிசெய்யவோ ஆசாரி நெருப்பு வைப்பார். கதிர்வீச்சால் வந்த நிறம் அந்தச் சூட்டில் மாறிவிடக்கூடும். கழற்றிவிட்டு வேலை செய்யச் சொல்ல வேண்டும். இயற்கைக் கல்லைவிடக் கணிசமாக மலிவாக, எழுத்தில் ஒப்புக்கொண்டு கொடுத்தால் மட்டும் வாங்கலாம். அந்த விலையில் ஆய்வகக் கல்லே கிடைக்கும்போது, ஏன் என்ற கேள்வி எனக்கு எஞ்சி நிற்கிறது.

பழைய மோதிரமும், கல்லின் கையில் படிந்த ரத்தமும்

சியரா லியோனில் 1991 முதல் 2002 வரை நடந்த உள்நாட்டுப் போரில் கிளர்ச்சிக்காரர்களுக்கு வைரம் பணம் கொடுத்தது. அங்கோலாவிலும் அதே கதை. அதன் விளைவாக 2003-இல் கிம்பர்லி செயல்முறை என்ற பன்னாட்டுச் சான்று ஏற்பாடு அமலுக்கு வந்தது. அது பட்டை தீட்டாத கல்லின் ஏற்றுமதிக்கு மட்டும் சான்று கொடுக்கிறது. மோதல் வைரம் என்பதற்கு அதன் வரையறை, அரசுகளை எதிர்த்துக் கிளர்ச்சி செய்பவர்களுக்குப் பணம் போகும் கல் என்பதுதான். அரசுப் படையே சுரங்கத்தில் கொடுமை செய்தால் அந்த வரையறைக்குள் வராது. இதைத் தொடங்கப் போராடிய குளோபல் விட்னஸ் அமைப்பே, ஜிம்பாப்வேயில் அப்படி நடந்த கொடுமைக்குப் பின் 2011-இல் வெளியேறியது. எனவே "கிம்பர்லி சான்று இருக்கிறது" என்று கடையில் சொன்னால், மேற்கொண்டு எந்த நாடு, எந்தச் சுரங்கம் என்று கேட்பது உங்கள் உரிமை. மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்: 1966-இல் விடுதலை பெற்று அடுத்த ஆண்டே வைரம் கண்ட போட்ஸ்வானா, பள்ளிகளையும் சாலைகளையும் கட்டியது பெருமளவு அந்த வருமானத்தில்தான். ஒட்டுமொத்தமாகச் சுரங்க வைரத்தை ஒதுக்கினால் அடி அவர்களுக்கும் விழும்.

இந்தக் குழப்பமே வேண்டாம் என்று நினைப்பவர்கள் பழைய மோதிரத்துக்குப் போகிறார்கள். புதிதாக எதையும் தோண்ட வேண்டியதில்லை. கையால் தீட்டிய பழைய வெட்டுகளில் மஞ்சளும் பழுப்பும் நிதானமாக மின்னும். ஆனால் அந்தக் காலத்தில் பின்பக்கம் மூடிப் பதித்த மோதிரங்களில் கல்லுக்குப் பின்னால் நிறத் தகடு வைப்பது சர்வசாதாரணம். நீங்கள் பார்க்கும் இளஞ்சிவப்பு கல்லுடையதா தகடுடையதா என்பது கழற்றினால்தான் தெரியும். கழற்றிச் சோதிக்க விடாத பழைய மோதிரத்தை நிறத்துக்காக வாங்காதீர்கள்.

நிறம் நிறமாக என் தேர்வு

மஞ்சள் என்றால் இயற்கைக் கல், இசட்டுக்குக் கொஞ்சம் முன்னால். பழுப்பு என்றால் யோசிக்கவே வேண்டாம், இயற்கை. நீலம் ஆய்வகத்தில். அடர் இளஞ்சிவப்பும் ஆய்வகத்தில். வெளிர் இளஞ்சிவப்பைப் பழுப்புச் சாயலோடு ஏற்றுக்கொள்ள முடிந்தால் சிறிய இயற்கைக் கல்லும் சரி.

பச்சையில்தான் அதிகக் கவனம் வேண்டும். இயற்கையிலும் இயந்திரத்திலும் பச்சைக்குக் காரணம் அதே கதிர்வீச்சு என்பதால், சில கற்களுக்கு ஜி.ஐ.ஏ. சான்றிதழிலேயே, நிறம் எப்படி வந்தது என்ற இடத்தில் "தீர்மானிக்க முடியவில்லை" என்று வரும். சுமார் 41 கேரட் ட்ரெஸ்டன் பச்சை வைரம் விதிவிலக்கு. அது 18-ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மனியின் ட்ரெஸ்டன் நகருக்கு வந்துவிட்டது, அப்போது மனிதனுக்குக் கதிரியக்கமே தெரியாது. ஆனால் பழைய பச்சைக் கல் என்றால் அதுவே உத்தரவாதம் ஆகிவிடாது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேய விஞ்ஞானி வில்லியம் க்ரூக்ஸ் ரேடியத்தோடு வைரத்தை வைத்துப் பச்சையாக்கிக் காட்டினார். அப்படிச் செய்த கற்களில் கதிரியக்கம் நீண்டகாலம் தங்கும். ஆகவே பச்சை வைர மோதிரம் ஆசையென்றால் ஆய்வகத்தில் வளர்ந்ததை வாங்குங்கள். இயற்கைதான் வேண்டுமென்றால், நிறம் வந்த விதம் "இயற்கை" என்று எழுதிய, அண்மையில் எடுத்த சான்றிதழ் கையில் வரும்வரை முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள்.